தாத்தா கார் வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். நாங்கள் ஒஹையோ மாநிலத்தில் கொலம்பஸ் பக்கம் இருக்கிறோம். நான், மனைவி, 4 வயது மகள். வருகிற மே மாதம் திருநெல்வேலியிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்து ஆறு மாதம் தங்கப் போகிறார்கள். அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். இப்போதிருக்கும் சின்னக் காரில் ஐந்து பேர் போக முடியாது. எனக்கு முதலிலிருந்தே பெரிய செடான் மேல் ஆசை. இரண்டு வண்டி பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 2015 டொயோட்டா அவலான் எக்ஸ்எல்இ, 92,000 மைல், 15,500 டாலர். இன்னொன்று 2017 செவர்லே இம்பாலா எல்டி, ஆறு சிலிண்டர் வி6 எஞ்சின், 68,000 மைல், 13,900 டாலர். ஆனால் அது முதலில் வாடகைக் காராக ஓடியதாம். நண்பர்கள் "டொயோட்டாவா, கண்ணை மூடிக்கொண்டு வாங்கு" என்கிறார்கள். மனைவியோ "இதெல்லாம் தாத்தாக்கள் ஓட்டுற கார், எஸ்யூவி வாங்குங்க" என்கிறாள். வருஷத்துக்கு 12,000 மைல் ஓட்டுவேன். ஏழெட்டு வருஷமாவது வைத்திருக்க வேண்டும். எதை வாங்கலாம்? (பெயர் வேண்டாம்.)

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

இன்று ராத்திரி ஊருக்குப் போன் பேசும்போது அப்பாவிடம் ஒரு வேலை சொல்லுங்கள். அம்மா வீட்டில் எந்த நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் சுலபமாக எழுந்திருக்கிறார் என்று பார்த்து, அதன் உயரத்தை அளந்து சொல்லச் சொல்லுங்கள். தரையிலிருந்து உட்காரும் இடம் வரை எத்தனை அங்குலம், அவ்வளவுதான். மைல், விலை, வி6 எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் வண்டியைத் தீர்மானிக்கப் போகிற எண் இதுதான், இதை மட்டும் எழுதவில்லை.

காரணம் சொல்கிறேன். செடானில் உட்காருவது சுலபம், உடம்பைக் கீழே விட்டால் போதும். எழுந்திருப்பதுதான் கஷ்டம். இடுப்பு முழங்காலுக்குக் கீழே போய்விட்டால், தேய்ந்த மூட்டுதான் முழு உடம்பையும் தூக்க வேண்டும். பெரிய எஸ்யூவியில் இது தலைகீழ். இறங்குவது சுலபம், ஏறுவது மலை ஏறுகிற மாதிரி. புடவையோடு ஒரு காலைத் தூக்கி உள்ளே வைப்பது இன்னும் சிரமம். இரண்டுக்கும் நடுவில், இடுப்பு உயரத்துக்குச் சீட் இருக்கும் ஆர்ஏவி4, சிஆர்-வி மாதிரி கிராஸ்ஓவர்கள்தான் முழங்கால் வலிக்காரர்கள் பலருக்கு ஒத்து வருகின்றன. ஆகவே உங்கள் மனைவி சொல்வதை "தாத்தா கார்" என்ற கிண்டலோடு சேர்த்துத் தள்ளிவிடாதீர்கள். அவர் சொன்ன காரணம் தப்பாக இருக்கலாம், முடிவில் நியாயம் இருக்கலாம்.

அப்பா சொல்லும் அளவையும் ஒரு டேப்பையும் எடுத்துக்கொண்டு இரண்டு வண்டியையும் பார்க்கப் போங்கள். பின் சீட்டின் வெளி ஓரம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளங்கள். அங்குலம் இரண்டு அங்குலம் குறைந்தால் பரவாயில்லை, மெத்தை வைத்துச் சரிக்கட்டலாம். நான்கு அங்குலம் குறைகிறது என்றால் செடான் யோசனையையே விட்டுவிடுங்கள். அம்மா ஆறு மாதமும் "எனக்கு வெளியே வர இஷ்டமில்லைப்பா, நீங்க போய்ட்டு வாங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பார். உண்மைக் காரணத்தை வெளியே சொல்ல மாட்டார்.

அளவு ஒத்து வருகிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் பெரிய செடான் உங்களுக்கு நல்ல வண்டிதான், அதை நான் தயங்காமல் சொல்வேன். பின்கதவு நீளமாக இருக்கும், அகலமாகத் திறக்கும். அம்மா முதலில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, அப்புறம் இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்பிக்கொள்ளலாம். மூட்டு வலிக்காரர்களுக்குப் பிசியோதெரபிஸ்டுகள் சொல்லிக்கொடுக்கும் முறையே அதுதான். தோல் சீட்டில் ஒரு பிளாஸ்டிக் பையை விரித்துவிட்டால் உடம்பு வழுக்கிக்கொண்டு திரும்பும். அழகாக இருக்காது, ஆனால் வேலை செய்யும். கதவு பூட்டும் கொக்கியில் மாட்டிக்கொள்ளும் கைப்பிடி ஒன்று கடைகளில் கிடைக்கிறது. அதையும் வாங்கி வையுங்கள்.

அடுத்து, ஐந்து பேர் எப்படி உட்காரப் போகிறீர்கள் என்று யோசித்தீர்களா? அப்பா முன்னால். பின்னால் குழந்தைச் சீட், உங்கள் மனைவி, அம்மா. அம்மா நடுவில் உட்கார முடியாது, கதவு ஓரம்தான் வேண்டும், அதுவும் நடைபாதைப் பக்கமான வலது கதவு. குழந்தைச் சீட் உங்களுக்குப் பின்னால் இடது பக்கம். மிச்சம் நடு இடம், அங்கே உங்கள் மனைவி. பேப்பரில் இரண்டு வண்டியுமே ஐந்து பேருக்கானவைதான். ஆனால் குழந்தைச் சீட்டின் அடிப்பாகம் நடு சீட் பெல்ட்டின் பக்கிளை மூடிக்கொண்டால், மூன்றாவது ஆள் பெல்ட் போடவே முடியாது. இதை எந்த விளம்பரத்திலும் படிக்க முடியாது. மகளின் சீட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய், அங்கேயே மாட்டிப் பாருங்கள். அவலானில் பின்பக்கத் தரை கிட்டத்தட்ட சமமாக இருக்கும், நடுவில் உட்காருபவர் காலைப் பரப்பி வைக்க வேண்டியதில்லை. அது அந்த வண்டியின் பெரிய குணம், அதிகம் பேசப்படாத குணம்.

முன்பெல்லாம் இந்தப் பிரச்சினையே இல்லை. முன்னாலும் ஒரு பெஞ்ச் சீட் இருக்கும், கியர் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருக்கும், ஆறு பேர் தாராளமாகப் போவார்கள். 2004 வரை அவலானையே முன்பெஞ்சோடு வாங்க முடிந்தது. இம்பாலாவில் அது 2013 வரை கிடைத்தது. அமெரிக்கச் சந்தையில் முன்பெஞ்சோடு வந்த கடைசிக் கார் அதுதான். ஏக்கம் வேண்டாம். முன் நடுவில் உட்கார்ந்தவருக்கு இடுப்புப் பட்டை மட்டும்தான் இருந்தது. அந்த இடத்தில் குழந்தையை உட்காரவைத்த காலம் போனதே நல்லது.

டிக்கிக்கு வருவோம். உங்கள் பெற்றோர் ஆளுக்கு இரண்டு பெட்டி, ஒவ்வொன்றும் 23 கிலோ, என்று நான்கு பெட்டியோடு வந்து இறங்குவார்கள். முறுக்கு டின் எல்லாம் கைப்பையில். இம்பாலாவின் டிக்கி 18.8 கன அடி, அவலானுடையது 16. இந்த 2.8 கன அடி சின்ன வித்தியாசம் இல்லை, ஏறக்குறைய ஒரு பெட்டி. கன அடியை மட்டும் நம்பாதீர்கள். வாய் குறுகலாக இருந்தால் உள்ளே இடமிருந்தும் பிரயோஜனமில்லை. மூடியின் வளைந்த கீல்கள் இறங்கும்போது பெட்டி மேல் உட்காருகிறதா என்றும் பார்க்க வேண்டும். வீட்டிலிருக்கும் பெரிய பெட்டி இரண்டை எடுத்துப் போய் வைத்துப் பாருங்கள். விற்பனையாளர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார். பார்க்கட்டும்.

ஒரு சின்ன விஷயம், கராஜ். இம்பாலா 201 அங்குல நீளம், அவலான் 195. வீட்டுக் கராஜில் அலமாரி, சைக்கிள், பனி அள்ளும் இயந்திரம் எல்லாம் போக மிச்சம் எவ்வளவு என்று அளந்துகொள்ளுங்கள்.

இப்போது "கண்ணை மூடிக்கொண்டு வாங்கு" என்ற வாசகத்துக்கு வருகிறேன். இங்கே நம் ஆட்களுக்கு வண்டி பார்த்துச் சொல்வதுதான் 20 வருஷத்துக்கு மேலாக என் தொழில். இந்த வாசகத்தை நம்பி வாங்கிவிட்டு, அப்புறம் என்னிடம் கொண்டுவந்தவர்கள் நிறையப் பேர். டொயோட்டா நல்ல வண்டி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அவலானின் 3.5 லிட்டர் வி6 நான் மதிக்கும் எஞ்சின்களில் ஒன்று. ஆனால் நீங்கள் வாங்குவது டொயோட்டா என்ற பெயரை அல்ல, இத்தனை வருஷம் யாரோ ஓட்டிய ஒரு குறிப்பிட்ட வண்டியை. அந்த யாரோ எப்படிப்பட்டவர் என்பதுதான் கேள்வி. அந்தப் பெயருக்கென்று சந்தையில் தனி விலை இருக்கிறது. உங்கள் விஷயத்தில் அது இரண்டு வருஷம் பழையது, 24,000 மைல் அதிகம் ஓடியது, அதற்கு மேல் 1,600 டாலர்.

அந்த விலைக்கு என்ன கிடைக்கிறது? 2013ல் புதிதாக வந்த அவலான் முந்தைய தலைமுறையைவிட அழகு, ஆனால் சவாரி கொஞ்சம் முரடு. 2005 முதல் 2012 வரை வந்த அவலான்தான் உண்மையான சோபா. பின் சீட்டின் முதுகையே சாய்த்துக்கொள்ளலாம், கால் நீட்டவும் கூடுதல் இடம். 2013ல் இளைஞர்களைப் பிடிக்கலாம் என்று சஸ்பென்ஷனை இறுக்கினார்கள். குறை சொல்லிப் பலர் எழுதினார்கள். 2016ல் வண்டியைப் புதுப்பித்தபோது அதைத் திருத்தினார்கள். நீங்கள் பார்த்திருப்பது 2015, திருத்துவதற்கு முந்தைய வருஷம். ஆனாலும் எக்ஸ்எல்இ ரகம் என்பதால் 17 அங்குல வீல். ரப்பர் அதிகம், குலுக்கல் குறைவு. பெரிய வீலோடு வரும் டூரிங் ரகமாக இருந்திருந்தால் அம்மாவுக்காக நான் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். இன்னொன்று, நடுவில் ஏசிக்கும் ரேடியோவுக்கும் தொட்டால் வேலை செய்யும் பட்டன்கள். ஜனவரியில் கையுறையோடு தொட்டால் அவை பேசாமல் இருக்கும்.

92,000 மைல் என்பது அந்த எஞ்சினுக்கு நடுவயதுதான். ஆனால் செலவு வரிசையில் நிற்கிறது. ஸ்பார்க் பிளக் மாற்றச் சொல்லியிருப்பது 120,000 மைலில். எஞ்சின் குறுக்கே படுத்திருப்பதால் பின்வரிசை மூன்று பிளக்கையும் எட்ட, எஞ்சினுக்குக் காற்று கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டை மேலிருந்து கழற்ற வேண்டும். பிளக் விலை கொஞ்சம்தான், கூலிதான் அதிகம். கியர்பாக்ஸ் எண்ணெய் "ஆயுள் முழுக்க" என்று சொல்வார்கள். யாருடைய ஆயுள் என்று சொல்ல மாட்டார்கள். நான் இந்த மைலில் ஒருமுறை மாற்றச் சொல்வேன். வாட்டர் பம்ப் பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். டொயோட்டாவில் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவம் இளஞ்சிவப்பு, கசிந்து காய்ந்திருந்தால் அதே நிறத்தில் உப்பு மாதிரி படிந்திருக்கும். அது தெரிந்தால் வண்டியை விட வேண்டாம், விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

இம்பாலாவைப் பற்றி நம் ஆட்களுக்கு மரியாதை கிடையாது. 1958ல் தொடங்கிய பெயர் அது. 1965ல் ஒரே வருஷத்தில் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. அப்புறம் தேய்ந்து, வாடகைக் கம்பெனிக்கும் போலீசுக்கும் போகும் வண்டியாகிவிட்டது. நம் நினைவில் இருப்பது அந்தக் கடைசிக் கால இம்பாலா. ஆனால் 2014ல் வந்தது முற்றிலும் வேறு வண்டி. நுகர்வோர் பத்திரிகையான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் 2013 கோடையில் அதற்கு 100க்கு 95 கொடுத்து, தான் சோதித்த செடான்களில் முதலிடத்தில் வைத்தது. அமெரிக்கக் கம்பெனியின் செடான் ஒன்று அந்த இடத்துக்கு வந்து குறைந்தது 20 வருஷம் ஆகியிருந்தது. வண்டி நன்றாக இருந்தும் வாங்க ஆள் இல்லை. எல்லோரும் எஸ்யூவிக்குப் போய்விட்டார்கள். 2020 பிப்ரவரியில் டெட்ராய்ட் தொழிற்சாலையில் கடைசி இம்பாலா இறங்கியது. அவலானும் 2022ல் நின்றது. ஃபோர்டு டாரஸ் 2019லேயே போய்விட்டது. இவ்வளவு நல்ல வண்டி இவ்வளவு மலிவாகக் கிடைப்பதற்கு உங்கள் மனைவி சொன்ன கிண்டல்தான் காரணம். மற்றவர்களுக்கு வேண்டாத பொருளை வாங்குகிறவருக்கு அதில் லாபம், விற்கிறவருக்கு நஷ்டம். நீங்கள் ஏழெட்டு வருஷம் வைத்திருக்கப் போவதால் விற்கும் கவலை உங்களுக்குச் சின்னதுதான்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு எச்சரிக்கை. 2014லிருந்து 2016 வரை "இம்பாலா லிமிடெட்" என்று ஒன்று இருக்கிறது. அது புதுசு அல்ல. பழைய வண்டியையே பெயரை நீட்டி, மொத்தமாக வாங்கும் கம்பெனிகளுக்குக் கொடுத்தது. 2015 என்று போட்டிருக்கும், மலிவாகவும் இருக்கும், ஆனால் உள்ளே 2006ல் வந்த வடிவம். படத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். நீங்கள் பார்த்திருப்பது 2017 என்பதால் இந்தச் சிக்கல் உங்களுக்கு இல்லை. ஆனால் வி6 என்று விளம்பரம் சொல்வதை மட்டும் நம்பாமல் பானெட்டைத் திறந்து பார்த்துவிடுங்கள். இதே வண்டி 2.5 லிட்டர் நாலு சிலிண்டரிலும் வந்தது. ஐந்து பேர், நான்கு பெட்டி, நெடுஞ்சாலையில் சேரும் சரிவு என்றால் அந்த எஞ்சின் மூச்சு வாங்கும். 3.6 லிட்டர் வி6க்கு 305 குதிரைத்திறன், கவலையே இல்லை.

அந்த வி6க்கு ஒரு குடும்ப வியாதி உண்டு. அதே வம்சத்தின் முந்தைய எஞ்சின்களில், குறிப்பாக 2007 முதல் 2009 வரை வந்தவற்றில், வால்வுகள் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் செயின் நீண்டுபோகும் தொல்லை இருந்தது. பின்னால் வந்த எஞ்சினில் நன்றாகவே திருத்திவிட்டார்கள். ஆனால் எண்ணெயை மாற்றாமல் ஓட்டினால் எந்தச் செயினும் நீளும். ஆகவே இந்த வண்டியில் நீங்கள் கேட்க வேண்டிய ஒரே காகிதம், எண்ணெய் மாற்றிய வரலாறு. எண்ணெய் அளவு காட்டும் டிப்ஸ்டிக் கம்பியை இழுத்துப் பாருங்கள். அளவு குறைந்து, தார் மாதிரி கறுப்பாக இருந்தால், வண்டி எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

வாடகைக் கார் என்பதற்காக நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். இதில் பலருக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு உண்டு. வாடகைக் கம்பெனி வண்டியைக் கொஞ்சாது, ஆனால் எண்ணெயைக் கணக்காக மாற்றும். வாடகைக்கு எடுத்தவர்கள் வீலை நடைபாதையில் உரசியிருப்பார்கள், டிக்கி ஓரத்தைக் கீறியிருப்பார்கள், சீட்டில் காபி கொட்டியிருப்பார்கள். அதெல்லாம் கண்ணுக்குத் தெரியும் சேதம். கண்ணுக்குத் தெரியாத சேதத்தை அடுத்துவந்த தனிநபர் செய்திருக்கலாம். வண்டியின் வரலாற்று அறிக்கையில் தேதிகளைப் பாருங்கள். வாடகையில் எத்தனை மைல், அதற்குப் பிறகு எத்தனை மைல், பிந்தைய வருஷங்களில் எண்ணெய் மாற்றிய பதிவு இருக்கிறதா. முதல் இரண்டு வருஷம் ஒழுங்கு, அப்புறம் நான்கு வருஷம் ஒரு வரியும் இல்லை என்றால் அந்த மௌனம்தான் உங்களுக்குப் பதில்.

பெட்ரோல் கணக்கை மனதில் வைத்துக் குழம்ப வேண்டாம். நகரமும் நெடுஞ்சாலையும் சேர்த்து இம்பாலா வி6 கேலனுக்குச் சுமார் 22 மைல், அவலான் சுமார் 24. வருஷம் 12,000 மைலுக்கு வித்தியாசம் 45 கேலன். மாதத்துக்கு நாலு கேலன்கூட இல்லை. விலையில் இருக்கும் 1,600 டாலர் வித்தியாசத்தை அது திருப்பிக் கொடுக்கவே பத்து வருஷம் ஆகும்.

நாம் ஒஹையோவில் இருக்கிறோம். இங்கே வருஷா வருஷம் பாதுகாப்புச் சோதனை கிடையாது. அதாவது அந்த இரண்டு வண்டியின் அடிப்பாகத்தையும் இதுவரை எந்த அரசாங்க ஆளும் எட்டிப் பார்த்ததில்லை. குளிர்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு அடியில் போய் உட்கார்ந்துகொண்டு, பிரேக் குழாயையும் எஞ்சினைத் தாங்கும் சப்ஃப்ரேமையும் அரிக்கும். மேலே மெழுகு பூசிப் பளபளக்கும், கீழே விரல் வைத்தால் உதிரும். லிஃப்டில் ஏற்றாமல் இந்த ஊரில் பழைய வண்டி வாங்கவே கூடாது. "ஃப்ளோரிடாவிலிருந்து வந்த வண்டி, துருவே இல்லை" என்று சொன்னால் அது பெரும்பாலும் உண்மைதான். ஓய்வுபெற்ற பெரியவர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டிய தங்கமான வண்டிகள் அங்கிருந்து வருகின்றன. அதே ஃப்ளோரிடாவில்தான் 2022ல் இயன் புயலும் அடித்தது. சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்துப் பாருங்கள், கடைசியில் சேற்றுக்கோடு இருக்கிறதா என்று. டிக்கிக் கம்பளத்தைத் தூக்கி ஸ்டெப்னிக் குழியைப் பாருங்கள். சீட்டைத் தரையோடு பிடித்திருக்கும் போல்ட்டுகள் துருவேறியிருந்தால், தண்ணீர் அந்த உயரம் வரை வந்திருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒருவர் இதில் மாட்டிக்கொண்டார். வண்டி நன்றாக இருந்தது, வாசனையும் நன்றாக இருந்தது. அளவுக்கு மீறி நன்றாக இருந்தது. உள்ளே எலுமிச்சை வாசனை அப்படித் தூக்கியது. மூன்று மாதத்தில் கண்ணாடி தானாக இறங்க ஆரம்பித்தது, ஆறாவது மாதத்தில் வண்டி நின்றுவிட்டது. இப்போதெல்லாம் வாசனை வைத்த வண்டியைக் கண்டால் ஏசியை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றி, பத்து நிமிஷம் உள்ளேயே உட்கார்ந்திருப்பேன். வாசனைக்கு அடியிலிருந்து ஈரக் கம்பள நாற்றம் மெதுவாக மேலே வரும்.

வண்டி பார்க்கப் போகும் அன்று, முன்கூட்டியே போன் செய்து "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று சொல்லுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார்கள் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம், ஆனால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள். செயின் சத்தம், வால்வு சத்தம் எல்லாம் குளிர்ந்த எஞ்சினின் முதல் சில விநாடிகளில்தான் கேட்கும், சூடானதும் ஒளிந்துகொள்ளும். டயரைக் குனிந்து பாருங்கள். ஓரத்தில் கடைசி நான்கு இலக்கம் 2318 என்றிருந்தால் 2018ன் 23வது வாரம் செய்தது. நான்கு டயரும் ஒரே கம்பெனி, ஒரே வயது என்றால் முந்தைய சொந்தக்காரர் செலவுக்கு அஞ்சாதவர். நாலும் நாலு பெயர் என்றால், கண்ணில் படும் டயரிலேயே மிச்சம் பிடித்தவர் எண்ணெயிலும் பிடித்திருப்பார்.

அப்புறம் ஒரு தொழில் ரகசியம். எஞ்சின் விளக்கு எரிகிற வண்டியை யாரும் விற்பனைக்கு நிறுத்துவதில்லை. ஸ்கேனர் மாட்டி அழித்துவிடுவார்கள். ஆனால் அழிக்கும்போது வண்டியின் கம்ப்யூட்டர் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் சோதனைகளும் சேர்ந்து அழிந்துபோகும். அவற்றை ரெடினஸ் மானிட்டர் என்பார்கள். அவை மறுபடி முடிய சில நாள் ஓட்ட வேண்டும். 20, 30 டாலருக்குக் கிடைக்கும் சின்ன ஸ்கேனரை மாட்டிப் பாருங்கள். பிழை ஒன்றுமில்லை, ஆனால் மானிட்டர்களில் பல "இன்னும் முடியவில்லை" என்று காட்டினால், யாரோ நேற்றுத்தான் எதையோ அழித்திருக்கிறார்கள். பாட்டரி மாற்றினாலும் அப்படிக் காட்டும். பாட்டரி மாற்றினேன் என்றால் ரசீதைக் கேளுங்கள்.

வண்டியின் அடையாள எண்ணான வின் எண்ணை அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்தில் போட்டால் நிலுவையிலிருக்கும் ரீகால், அதாவது குறையைச் சரிசெய்யக் கம்பெனியே வண்டியைத் திரும்ப அழைத்தது, எல்லாம் இலவசமாகத் தெரியும். அந்த வேலைகளை அந்தக் கம்பெனியின் டீலரிடம் இலவசமாகச் செய்துகொள்ளலாம். டைட்டில் எனப்படும் உரிமைப் பத்திரத்தில் சால்வேஜ் (பெரும் சேதத்தால் கழித்துக்கட்டியது), ரீபில்ட் (அதைச் சரிசெய்தது) என்ற சொற்கள் இல்லையா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். டீலர் ஜன்னலில் ஒட்டியிருக்கும் தாளில் "ஆஸ் ஈஸ்", அதாவது இருக்கிறபடியே, என்று குறித்திருந்தால், கேட்டைத் தாண்டியதும் எல்லாம் உங்கள் தலையில். டீலர் வாயால் கொடுக்கும் உறுதி எதுவும் அந்தத் தாளுக்கு முன்னால் நிற்காது.

சரி, எதை வாங்குவது? என் பணம் என்றால் முதலில் இம்பாலாவை லிஃப்டில் ஏற்றுவேன். புதுசு, மைல் குறைவு, டிக்கி பெரிது, விலை கம்மி. எண்ணெய்ப் பதிவு ஒழுங்காக இருந்து, அடிப்பாகம் சுத்தமாக இருந்தால் 13,000க்குப் பக்கத்தில் பேசி முடித்துவிடுவேன். மிச்சத்தில் நான்கு புது டயர், கியர்பாக்ஸ் எண்ணெய், பிரேக் எண்ணெய் மூன்றையும் முதல் வாரமே மாற்றிவிடுவேன். எட்டு வருஷத்தில் அது 164,000 மைலுக்கு வரும், ஒழுங்காக எண்ணெய் மாற்றினால் அந்த எஞ்சினுக்கு அது எட்டக்கூடிய தூரம்தான். ஒரு குறை சொல்லியாக வேண்டும். தயாரிப்பு நின்ற வண்டி. எஞ்சின், கியர்பாக்ஸ் பாகங்கள் செவர்லேயின் தாய்க் கம்பெனியான ஜிஎம்மின் மற்ற வண்டிகளோடு பொதுவானவை என்பதால் கவலையில்லை. விளக்கு, பம்பர், உள்அலங்காரப் பாகங்கள் வருஷம் போகப்போகத் தேட வேண்டியிருக்கும். அவலானுக்கும் இதே கதைதான், ஆனால் அதன் உள்ளுறுப்பு பெரும்பாலும் கேம்ரியோடு பொதுவானது, கேம்ரி எல்லாத் தெருவிலும் இருக்கிறது.

இம்பாலாவின் பதிவில் ஓட்டை இருந்தால் அவலானுக்குப் போங்கள், ஆனால் 15,500 கொடுக்காதீர்கள். அந்த விலைக்கு வந்தபின் இன்னும் கொஞ்சம் காத்திருந்து 2017 அவலானைத் தேடலாம். சவாரி திருத்தியது. அதோடு, முன்னால் மோதப்போனால் தானே பிரேக் பிடிக்கும் பாதுகாப்புத் தொகுப்பு அந்த வருஷத்திலிருந்து எல்லா அவலானிலும் உண்டு. புது ஊர்ச் சாலையில் பெற்றோரை ஏற்றிக்கொண்டு, பின்னாலிருந்து மூன்று பேர் வழி சொல்லும்போது ஓட்டுவதற்கு அது நல்ல துணை. மே மாதத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது, அவசரம் உங்களுக்கு இல்லை, விற்கிறவருக்குத்தான்.

எதுவானாலும் பணம் கொடுக்கும் முன் வெளி மெக்கானிக் ஒருவரிடம் காட்டுங்கள். விற்கும் டீலரின் ஆள் வேண்டாம், என்னிடமே வர வேண்டும் என்றும் இல்லை. 150 முதல் 250 டாலர் ஆகும். வெளியே எடுத்துப் போகக் கூடாது என்று டீலர் சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

டேப், பெட்டி, மகளின் சீட், ஸ்கேனர் எல்லாவற்றோடும் உங்கள் மனைவியையும் கட்டாயம் கூட்டிப் போங்கள். கிண்டல் செய்தார் என்பதற்காக விட்டுவிட்டுப் போகாதீர்கள். மகளின் சீட்டை மாட்டி, நீங்கள் வலது பக்கம் அம்மா இடத்தில் உட்கார்ந்துகொண்டு, அவரை நடுவில் உட்காரச் சொல்லுங்கள். சிகாகோ போகிற ஆறு மணி நேரமும் அந்த இடத்தில் இருக்கப் போவது அவர்தான். பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு அவர் வேண்டாம் என்று சொன்னால், அந்த வண்டி வேண்டாம்.